லாவண்டர் மணக்கும் மரத்தூள்

தி.நகரில் நான் போகும் செல்லப்பிராணிக் கடைக்காரர் முயலுக்கு விஷம் விற்கிறார். பாக்கெட்டில் அதன் பெயர் லாவண்டர் மரத்தூள்.

அதைக் கூண்டில் பரப்பிய நாளிலிருந்து, ரவை என்ற என் முயல் தும்மித் தள்ளியது. முந்தாநாள் அத்தனையையும் கொட்டிவிட்டு, கூண்டைக் கழுவிக் காயவைத்து, வெறும் காய்ந்த புல்லைப் போட்டேன்.

இன்று காலை ஒரு தும்மல்கூட இல்லை! ரவை குஷியில் அந்தரத்தில் எகிறி உடம்பை ஒரு முறுக்கு முறுக்கியது. நானும் கூடவே குதித்தேன்.

அதே குஷியில் மிச்ச பாக்கெட்டோடு கடைக்குப் போய், தும்மலுக்கு இந்த வாசனைதான் காரணம் என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

"இன்னாம்மா, கமகமன்னு கீதே! கப்பு அடிக்காதுல்ல?"

"ஈரத்தைத் தினம் அள்ளிப் போட்டா கப்பே வராதுண்ணா. முயல் இதுமேலதான் நாள் முழுக்கப் படுத்துக் கெடக்குது."

பாக்கெட்டைப் பிரித்து நீட்டினேன். "இதுல அஞ்சு நிமிஷம் மூக்கை வச்சுக்கினு இருங்க, பாப்போம்."

அவர் திரும்பிக்கொண்டு தொட்டி மீன்களுக்குத் தீனி போட ஆரம்பித்துவிட்டார்.