மழையை வெட்டியவர்

அந்தப் படத்தில் மழையை வெட்டியவர் என் கணவர். சொல்ல வேண்டிய இடத்தில் இதைச் சொல்லாமல் விட்டவள் நான். அதனால் இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. ஜப்பானின் பழைய மரக்கட்டை அச்சுப் படங்கள் என்றால் எனக்குப் பைத்தியம். அதே முறையில் தாபோடி ரயில் பாலத்தையும், மழையில் குடை பிடித்து ஷிஃப்டுக்குப் போகிறவர்களையும் வரைந்தேன். வரைந்து என்ன, வெட்ட வரவில்லை. மழைக்கோடு ஒவ்வொன்றும் பலகையில் நூலாக மேடிட்டு நிற்க வேண்டும். நான் உளி வைத்தால் உடைந்துபோகும். இரண்டு பலகைகளைப் பாழாக்கிய பிறகு அவர் உளியை வாங்கிக்கொண்டார். தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் இரும்பு வார்ப்பதற்கான மர மாதிரிகள் செய்கிறவர். அவருடைய வார விடுமுறையெல்லாம் என் மழையில் போயிற்று.

ஜப்பானில் அந்தக் காலத்தில் வரைபவர், செதுக்குபவர், அச்சடிப்பவர் என்று தனித்தனி ஆட்கள், சில படங்களின் ஓரத்தில் செதுக்கியவரின் முத்திரையும் இருக்கும் என்று அவருக்குச் சொன்னதே நான்தான். நீங்களும் போடுங்கள் என்றேன். கூச்சத்தோடு சிரித்தார். பலகை முடிந்தபோது என் கையெழுத்துக்குக் கீழே சுண்டுவிரல் நகமளவு ஒரு சதுரமும் அதற்குள் குட்டியாக ஓர் உளியும் இருந்தன.

ஔந்தில் கண்காட்சி. என்னோடு படம் வைக்க இன்னும் மூன்று ஓவியர்கள். முன்னதாகக் கூடிப் பேசியபோது, இப்போதெல்லாம் வரைவது, வெட்டுவது, அச்சடிப்பது எல்லாம் ஒரே கைதான் என்று மூவரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து, அவர் வேலைக்குப் போயிருந்த பகலில் அச்சடித்தேன். ஒவ்வொரு தாளுக்கும் பலகையில் வண்ணம் பூசியதும், அந்தச் சதுரத்தை மட்டும் துணியால் துடைத்தேன். ஒரு தடவை கைதவறிச் செய்ததல்ல, ஒவ்வொரு தடவையும் நினைத்துச் செய்தது.

திறப்பு நாளன்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஒரு பெண்மணி மழைக்கோடுகளை உற்றுப் பார்த்துவிட்டு, இவ்வளவு மெல்லிசாக யார் வெட்டியது என்று இந்தியில் கேட்டார். என் கணவர் என் பக்கத்தில்தான் நின்றார். நான்தான் என்றேன். வாய் கூசவில்லை. அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து படத்தின் மூலையைப் பார்த்தார். துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார். வீடு திரும்பும் வழியில், பால் வாங்க வேண்டுமா என்று மட்டும் கேட்டார். ஒரு சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த படம் வரைந்தபோது அவருடைய சதுரத்தையும் உளியையும் என் கையாலேயே வரைந்து கொடுத்தேன். அதிலேயே அவர் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன், கோழைத்தனம்தான். பலகை வழக்கம்போல அழகாக முடிந்து வந்தது. என் கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே மரம் வழித்து மட்டமாக்கப்பட்டிருந்தது.

இங்கே இருந்தது எங்கே என்று கேட்டேன்.

உளி தீட்டிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"அந்த எடத்துல கலரு ஒட்ட மாட்டேங்குதும்மா. அதான் எடுத்துட்டேன்."