பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்சின் நடுச்சுவர்

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கட்டிய புது வரிசையில் எங்களுக்கு வீடு கிடைத்தபோது நான் இரண்டாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்குப் போனவள் நான்தான். ஆகவே எல்லாம் எனக்குத் தெரியும். ஒரே நீளக் கூரை, அதன் கீழே பத்து வீடுகள், எல்லாம் ஒரே அச்சு: முன்னறை, பின்னறை, சமையற்கட்டு. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். அதுவரை பலகைக் கொட்டகையில் இருந்த அம்மா அந்தச் செங்கல் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

முதல் வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்க ஒரு மாடம் வேண்டும் என்றாள். கப்பலேறி விட்டுவந்த எங்கள் ஊரில் மண்சுவர் ஒரு முழத் தடிமன். எங்கே வேண்டுமானாலும் குடையலாம். அந்த நினைப்பில் அப்பா உளியை எடுத்தார். கொஞ்சம்தான் பெயர்த்திருப்பார், சுவருக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது.

"யாரது?" என்றார் அப்பா.

"பக்கத்து வீடுண்ணே. நீங்களும் மாடமா?"

அதே வெள்ளிக்கிழமை, அதே உயரம். சுவரோ ஒற்றைக் கல். இருவரும் ஓட்டை வழியே பார்த்துச் சிரித்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க," என்றாள் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி. "நாளைக்கு ரயில்வே துரை வீடு பாக்க வராரு. இதப் பாத்தா ரெண்டு குடும்பமும் திரும்பப் பலகைக் கொட்டாய்தான்."

சிரிப்பு நின்றது. அப்பா ஓடிப்போய்ச் சுண்ணாம்புச் சாந்து கொண்டுவந்தார். அம்மா ஓட்டை வழியே கை நீட்டிச் சாந்தைக் கொடுக்க, அந்த அம்மாள் வாங்கி வாங்கித் தன் பக்கம் பூசினாள். பேச்சு ஊருக்குப் போனது. இருவருக்கும் ஒரே ஊர்.

"அட, எந்தத் தெரு அக்கா?" என்றாள் அந்த அம்மாள்.

அம்மா சொன்னாள்.

அதற்குப் பிறகு நீட்டிய கையில் சாந்து அப்படியே இருந்தது. வாங்க ஆளில்லை. கடைசிக் கல்லை அப்பாவே எங்கள் பக்கமிருந்து வைத்து மூடினார்.

சற்று நேரத்தில் அந்தப் பக்கச் சுவரில் குடம் குடமாகத் தண்ணீர் மோதும் சத்தம். காயாத சாந்து கரைந்து எங்கள் தரையில் வழிந்தது.

"ஊத்தாத தங்கச்சி, கல்லு விழுந்துரும். வீடு போயிரும்," என்று அப்பா சுவரைப் பார்த்துக் கெஞ்சினார். தண்ணீர் நிற்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் கல்லை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் பள்ளியில் புது அறை கட்டியபோது கொத்தனார் சுவருக்குத் தண்ணீர் ஊற்றியதை நான் பார்த்திருந்தேன்.

"புதுச் சாந்துக்குத் தண்ணி காட்டுறாங்கம்மா. அப்பத்தான் கெட்டியாப் புடிக்கும்," என்று விளக்கினேன்.

படித்த பிள்ளை சொன்னதை அம்மா மறுக்கவில்லை. விரல்களில் ஒட்டியிருந்த சாந்தைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.