இலவசமாய் வந்த லினக்ஸ் சி.டி.

கம்ப்யூட்டரில் எழுதி முடிந்து வெளியே வரும் சி.டி. இளஞ்சூடாக இருக்கும். கனகராஜ் அண்ணன் அதைப் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உறையில் போடுவார்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அண்ணன் பனியன் லேபிள் டிசைன் செய்யும் கடை வைத்திருந்தார். விண்டோஸுக்கு மாற்றாக கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸைக் கேட்டு யார் வந்தாலும் சி.டி.யில் காப்பி போட்டுக் கொடுப்பார். ஒரே நிபந்தனை... ஞாயிற்றுக்கிழமை சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். உட்கார்ந்து போட்டுத் தருவார். அடுத்த வாரம் புதிதாக வருகிறவருக்கு நாம் போட்டுத் தர வேண்டும்.

ஆறு பேர் இருந்தோம். இணையத்தில் இணைக்கும் ஒரு மோடத்தை வேலை செய்ய வைக்க மூன்று ஞாயிறுகள் ஆயின. யாருக்கும் அலுக்கவில்லை.

பிறகு ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை அந்த சி.டி.யை இலவச இணைப்பாகக் கொடுத்தது.

"இனி ஊரே நம்ம பக்கம்தானுங்கண்ணா" என்றேன்.

ஊர் வந்தது. ஞாயிறுதோறும் முப்பது பேர், அதே கேள்விகள். கேட்டதும் போய்விடுவார்கள். அடுத்தவருக்கு உதவ யாரும் நிற்கவில்லை. எங்கள் பேச்சும் தடித்துப்போனது.

ஒரு நாள் குன்னத்தூரிலிருந்து ஸ்டெல்லா என்ற பெண் பஸ் ஏறி வந்தார். பத்திரிகை சி.டி.யைப் போட்டதில் ஹார்டு டிஸ்க் முழுக்க அழிந்துவிட்டது.

"ஏனுங்க, எந்தம்பி காலேஜ் புராஜெக்ட் பூரா அதுலதானுங்க இருந்துச்சு. திருப்பி எடுக்க முடியுங்களா?"

நான் மானிட்டரிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "போடறதுக்கு முன்னாடி படிச்சுப் பாத்திருக்கோணுமுங்க."

"படிச்சனுங்க. புரியலீங்க. அதனாலதானுங்க இங்க வந்தேன்."

சற்று நின்றார். பிறகு போய்விட்டார்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார். பஸ் கிளம்பியிருந்தது. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நமக்கெல்லாம் மொதல்லயே புரிஞ்சுதாப்பா?" என்றார். பிறகு, "கூட்டம் வந்தது தப்பில்ல. நாம இப்படிப் பேசற ஆளாயிட்டம். போதும்."

அடுத்த ஞாயிறு கடை திறக்கவில்லை. அதன் பிறகு எந்த ஞாயிறும் திறக்கவில்லை.

இன்று என் ஆண்ட்ராய்டு செல்போனுக்குள் இருப்பதும் அதே லினக்ஸ்தான். அது பாக்கெட்டில் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. எதையும் இரண்டு நிமிடத்தில் இறக்கிக்கொள்கிறோம். இணையத்தில் யாராவது சந்தேகம் கேட்டால், "தேடிப் பார்க்க மாட்டீர்களா?" என்று முதல் பதில் வந்து விழுகிறது. முகம் தெரியாத யாரோ எழுதியதுதான். என் குரலில்தான் கேட்கிறது.

ஸ்டெல்லாவின் தம்பி அந்த வருடம் பாஸானாரா... தெரியவில்லை.