இரண்டாவது விரல்

எங்கள் சிறப்புப் பள்ளியின் உதவியாளரைப் பிள்ளைகளும் பெற்றோரும் ஆசிரியைகளான நாங்களும் சித்தி என்றுதான் கூப்பிடுவோம். பதினாறு வருடமாக மூக்கு துடைத்து, ஷூ மாட்டி, பிள்ளைகளிடம் அடியும் கடியும் வாங்கியவர். வாய்தான் நீளம், மனசு பஞ்சு. அந்த மனசுதான் வினையாக முடிந்தது.

போன வருடம் ஒரு தொடுதிரை மேசை வந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சேர்ந்து விளையாடப் பழகுவதற்கானது. எதிரெதிரே இரண்டு பேர் ஒரே நேரத்தில் விரல் வைத்தால்தான் படத்துண்டு நகரும், மணி அடிக்கும்.

பட்டாணி என்று நாங்கள் செல்லமாகக் கூப்பிடும் பெண்ணுக்கு எட்டு வயது. பேச்சு வராது, மணிச்சத்தம் என்றால் உயிர். விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவளுக்கு ஜோடியான வாலுப்பயலோ ஜன்னலுக்கு ஓடிவிடுவான். அவள் முகம் வாடுவது சித்திக்குப் பொறுக்கவில்லை. மேசை துடைக்கிற சாக்கில் எதிர்ப்பக்கம் தன் விரலை வைத்துவிடுவார். மணி அடிக்கும், பட்டாணி குதிப்பாள். யார் விரல் என்று மேசைக்கு என்ன தெரியும்? வாலுவோடு சேர்ந்து ஆடினாள் என்று பதிந்துகொண்டது.

மாதாமாதம் திரையில் அவள் முன்னேற்றத்தைக் காட்டும் கோடு ஏறியது. பிள்ளையைப் பார்க்க வேண்டிய நான் கோட்டைப் பார்த்தேன். "இனிமே சாதாரண ஸ்கூல்லயே சேக்கலாம்" என்று பட்டாணியின் அம்மாவிடம் சொன்னதும் நான்தான். அவர் சித்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். வாயாடிச் சித்தி அன்றைக்குப் பார்த்து வாயே திறக்கவில்லை.

மூன்றே மாதம். அந்தப் புதுப் பள்ளியில் பட்டாணி பெஞ்சின் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருப்பாளாம், யாராவது வருவார்கள் என்று. பிள்ளைகள் அந்த விரல் மேல் ரப்பரை அடுக்கிச் சிரித்தார்களாம். அவள் சாப்பாட்டை விட்டாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்றுதான் பட்டாணியின் அம்மா முன்னால் சித்தி உடைந்தார். "நான்தாம்மா விரல் வச்சேன். பிள்ள ஏமாந்து நிக்கறாளேன்னு..."

அம்மா கத்தவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா, எம் பொண்ணு இங்கயே சிரிச்சிட்டு இருந்திருப்பா சித்தி." கத்தியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

நேற்று மறுபடி அந்த மேசை. அவள் இல்லாத மூன்று மாதத்தில் வாலு எப்படியோ பழகிவிட்டிருந்தான். தானாக வந்து விரலை வைத்தான். பட்டாணி அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகப் போய்ச் சித்தியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

சித்தி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "மாட்டேன் கண்ணு. அங்க பாரு, அவன் வச்சிருக்கான் பாரு."

பட்டாணி பின்பக்கம் சுற்றிப்போய், சித்தியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள். சித்தி அழுதுகொண்டே இறுக்கினார். எதிரே வாலு விரலை எடுக்காமல் காத்திருந்தான்.