சுகன்யாவின் அம்மா கேட்ட கேள்வி

நானும் சுகன்யாவும் ஒரே கல்லூரியில் இயந்திரவியல் படித்தோம். அணு உலை வடிவமைப்பு வேலைக்கு ஒன்றாகவே விண்ணப்பித்தோம். அவளுக்குக் கிடைத்தது. என்னிடம் இல்லாதது அவளிடம் என்ன என்று மனதுக்குள் வரிசை போட்டுப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

வாழ்த்துச் சொல்லப் போத்தனூருக்குப் போனேன். அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மணி, அந்த உலை வெடிச்சுப்போடுமா? இவ சொன்னா நம்பமாட்டேன். நீ சொன்னா அனுப்பறேன். இல்லீன்னா நீ இருக்கற பம்பு கம்பெனியிலயே இவளும் சேந்துக்கட்டும்."

சுகன்யா என்னையே பார்த்தாள். 'கொஞ்சம் பயம்தானுங்க' என்று சொன்னால் போதும், அவள் போகமாட்டாள். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது. "அன்னிக்கு வெளிநாட்டுல வெடிச்சது வேற டிசைனுங்க அத்தை. அதுல தண்ணி கொறைஞ்சா அணுப்பிளவு கூடும். இவ போற எடத்து உலையில தண்ணி கொறைஞ்சா பிளவும் அடங்கிரும். மிச்சச் சூட்டைத் தணிக்கத் தனி ஏற்பாடு இருக்குதுங்க. சுத்தியும் கனமான கான்கிரீட் கூடு. ஆபத்தே இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா நானா இருந்தா போவேனுங்க."

"இத்தனை தெரிஞ்ச உன்னைய ஏங்கண்ணு எடுக்காம உட்டாங்க?" என்றார் அம்மா.

சுகன்யா ரயிலேறிய பிறகும் பொறாமை தீரவில்லை. ஆனால் தோழியைத் தடுக்க நினைத்த எனக்கு, அந்த உலையைப் பற்றித் தவறாகச் சொல்ல மனம் வரவில்லை. அந்த வேலையை நான் எவ்வளவு விரும்பினேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.