உருக்கினது

என் கணவருக்கு நெஞ்சுவலி வந்துபோனபின், ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் நெய்யை நிறுத்தினேன். டாக்டர் குறைக்கத்தான் சொன்னார். அடியோடு நிறுத்தியது நான். எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

இலையில் நெய் விழாமல் அவர் சாதத்தில் கைவைக்க மாட்டார். அதனால் ஆரியசாலைக் கடைத்தெருவில் உருக்கு வெளிச்செண்ணெய் வாங்கினேன். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெய்க்கு இங்கே மலையாளத்தில் அதுதான் பெயர். அதை முருங்கையிலை போட்டுச் சுடவைத்து, பழைய நெய்க்கிண்ணத்திலேயே ஊற்றிவைத்தேன்.

"உருக்கினதுதானே?" என்று முதல்நாள் கேட்டார். எங்கள் வீட்டில் உருக்கினது என்றால் நெய்தான்.

"உருக்கினதேதான்" என்றேன். பொய் சொல்லவில்லை என்று எனக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம் வேறு.

தேங்காய் வாசனை அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் பிசைந்து சாப்பிட்டார். அப்புறம் கேட்கவே இல்லை. நெய் இல்லையே என்ற தைரியத்தில் நானும் தாராளமாகவே விட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, மருந்துச் சீட்டு வாங்கத் தனியாகப் போனபோது, டாக்டரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"அதும் கொழுப்பு தன்னே அம்மா. அதுக்கு ஒரு ஸ்பூன் நெய்யே கொடுத்திருக்கலாமே" என்றார்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லியிருக்கலாம். என் வீம்பு விடவில்லை. அந்த ஓணத்துக்கு அவர் இல்லை.

இப்போது மகன் சிராத்தம் செய்கிற நாளில் அசல் நெய்யை நானே உருக்குகிறேன். போன தடவை அவர் ஸ்தானத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட வைதிகர், மருமகள் கிண்ணத்தைச் சாய்க்கும்போது கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஒரு சொட்டு போறும்மா. நேக்கும் கொலஸ்ட்ரால் இருக்கு."