பச்சைக்குப் பயப்படுகிறவர்

"நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க?"

கேட்டுவிட்டு, வண்டிச் சாவி கொடுக்கும் அந்தப் பெண் பதிலைக் கவனிப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறார். "பத்து மணிக்கு, அக்கா" என்று பட்டென்று சொன்ன பார்சல் வண்டிக்காரர் ஓரமாக நிற்க வேண்டியதாயிற்று. அடுத்தவர் கூரையைப் பார்த்து, தாடையைச் சொறிந்து, "மேட்ச் முடிஞ்சு... பதினொன்னு இருக்கும்" என்றார். அவருக்குச் சாவி கிடைத்தது. "உண்மையைச் சொல்லக் கொஞ்சம் யோசிக்கணும் சார். பொய்யைத்தான் கம்பெனி கேட்டுக்கு வெளியிலயே தயார் பண்ணிட்டு வருவாங்க" என்று, அவர் வேலையைப் பார்த்து எழுதப் போயிருந்த எனக்கு விளக்கினார்.

அறுபது சரக்கு வண்டிகள் ஓடும் நிறுவனம். எந்த ஓட்டுநர் எப்போது மோதுவார் என்று முன்கூட்டியே பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குபவர் இவர். ஓட்டுநர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. நாற்பது வயது, ஒல்லி. வராந்தாவில் நடக்கும்போதுகூட முன்னால் போகிறவரிடமிருந்து நாலடி தள்ளித்தான் நடப்பார். தொலைபேசி அடித்தால் எடுப்பதற்கு முன் கணினித் திரையைப் பார்க்கிறார், வண்டியைக் காட்டும் எந்தப் புள்ளியாவது நிற்கக் கூடாத இடத்தில் நிற்கிறதா என்று. அதுவரை மூச்சு விடுவதில்லை. ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்ததில் எனக்கும் அது தொற்றிக்கொண்டது. டீக்காரர் கதவைத் தட்டியதற்கே தூக்கிவாரிப் போட்டது.

ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கருவி இருக்கிறது. வேகத்தையும் திடீர் பிரேக்கையும் எண்ணி, ஓட்டுநருக்கு மாதாமாதம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போடும். முதலாளி சிவப்பைப் பார்த்துப் பயப்படுவார். இவர் பயப்படுவது பளிச்சென்ற பச்சைக்கு.

இரண்டு வருடங்களுக்கு முன், மாதம் முழுக்க ஒரு திடீர் பிரேக்கூடப் போடாத ஒருவரின் படத்தை இவரே அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். நாலாம் நாள் அவர், நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதிச் செத்துப்போனார்.

"ரோட்டுல டயர் தேஞ்ச தடமே இல்ல சார். தூங்குறவன் எங்க பிரேக் போடுவான்? மெஷின் அதை நல்லா ஓட்டுறான்னு நெனச்சுக்கிச்சு. நானும்தான் நெனச்சேன்."

நான் போன அன்று பச்சைப் பட்டியலில் முதலிடம் பிரேக் அக்காவின் சொந்த அக்கா கணவருக்கு. முப்பது நாள், ஒரு திடீர் பிரேக்கூட இல்லை. முதலாளி இனிப்புக்குச் சொல்லிவிட்டார். இவர் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா கணவர் ஓட்டும் லாரியின் கேமரா பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, ஒன்றில் நிறுத்தினார். நேரான சாலை, பட்டப்பகல். லாரி மெல்லக் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறது. ஏழு நொடி கழித்து மெல்லத் திரும்பி வருகிறது. எதிரே யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

"நான் சிவப்புன்னு எழுதினா, டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் மாமா வண்டியைத் தொட முடியாது. அக்கா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா. எழுதலேன்னா..." மாமாவைக் கிளம்பாமல் நிற்கச் சொல்லி வாசலுக்கு ஆள் அனுப்பினார்.

மாமா வந்தார். சாவி ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

"ஏம்மா, என்னையா நிக்கச் சொன்ன? இருபத்தாறு வருஷமா ஓட்டுறேன், ஒரு கீறல் காட்டு பாப்போம். சொந்தக்காரன்னா இளிச்சவாயனா?"

பிரேக் அக்கா வாதாடவில்லை. "உக்காந்து சொல்லுங்க மாமா, முழுசா கேட்டுக்கிறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மாமா உட்கார்ந்தார். முதலாளி தன்னை மெச்சியதைச் சொன்னார். நேற்றுப் பிறந்த கேமராவை நம்பி வீட்டு மனுஷனை நம்பாதவர்களைப் பற்றிச் சொன்னார். குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"எனக்கா தூக்கம்? நான் கண்ண மூடி எவனாவது..."

அந்த 'எவனாவது' இழுபட்டுக்கொண்டே போய் நின்றது. தாடை மார்பில் சரிந்தது. சாவி மடியில் விழுந்தது. குறட்டை எழுந்தது, பிறகு பாதியில் அறுந்தது. மறுபடி வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை.

பிரேக் அக்கா பாய்ந்து போய் மாமாவின் மூக்கருகே இரண்டு விரல்களை வைத்தார். நெடுநேரம்போல் இருந்தது. ஒரு பெரிய இழுப்போடு மூச்சு வந்தது. இன்னொரு கையால் மடியில் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டார். விரல்களை மட்டும் எடுக்கவில்லை.